கம்பிக்கு அந்தப் பக்கம்

ஈப்போ
6.2.1960

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வடிவேலு எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை தங்கமும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமா? சந்திரமதி அக்காவின் இடுப்புவலி தேவலையா?

பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். சிங்கப்பூரில் ஒரு பிஸ்கட் கம்பெனி அடுத்த வருஷக் காலண்டருக்கு மிருகங்களின் படம் கேட்டிருக்கிறது. முதல் பரிசு வாங்கும் படம் முகப்பில் வருமாம். எடுத்தவருக்கே கம்பெனியில் படமெடுக்கும் வேலையும் தருவார்களாம். மச்சான் பார்த்திருந்தால் நமக்கு ஒரு வரி எழுதியிருப்பாரே என்று தங்கம் சொன்னாள். ஸ்டூடியோ வேலையில் மறந்திருப்பார் என்றேன்.

எனக்கு வாத்தியார் உத்தியோகம் இருக்கிறது, வேறு வேலை வேண்டாம். ஆனால் ஒரு படமாவது அனுப்பிப் பார்க்க ஆசை. பாசிர் பாஞ்சாங்கில் சீனத் தவுக்கே, பெரிய முதலாளி ஒருவர் மிருகக்காட்சி வைத்திருக்கிறாரே, ஆகஸ்டு விடுமுறையில் வந்தால் அங்கே எடுக்கலாம். என்னிடம் இருப்பது 50 லென்ஸ் ஒன்றுதான். அதில் புலியை எடுத்தால் பூனை அளவுதான் வரும். எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும் என்று சொன்னவர் நீங்கள்தானே. 135 லென்ஸ் வாங்கலாம் என்று நினைக்கிறேன். லென்ஸ் மாட்ட உங்கள் கேமராவுக்கும் என்னுடையதற்கும் ஒரே திருகுதான். ஜாலான் புசாரில் உங்கள் சிநேகிதர் ஜமால் முகம்மது கடையில் கிடைக்குமா? பணத்தை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் எது சொல்கிறீர்களோ அதுதான்.

அன்புள்ள,
வடிவேலு


சிங்கப்பூர்
4.3.1960

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் நலம். உங்கள் சுகத்துக்கும் தங்கத்தின் சுகத்துக்கும் வீரமாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். அடையாளக் கார்டுக்குப் படம் எடுக்க ஜனங்கள் சிராங்கூன் ரோடு முனைவரை நிற்கிறார்கள். நாள் முழுக்க "மூஞ்ச நேரா வைங்க, கண்ண மூடாதீங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

லென்ஸ் விஷயம். 135 வேண்டவே வேண்டாம். அது கனம், கை நடுங்கிப் படம் கலங்கும். கூண்டுகளுக்குத் தகரக் கூரை, உள்ளே வெளிச்சமும் போதாது. மேலும் அது சின்ன இடம், மிருகத்துக்குக் கிட்டேயே நின்று எடுக்கலாம். ஜமால் கடையில் ஒரு 135 இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பூஞ்சை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

உங்களுக்குத் தோதானது 35. கைக்கு அடக்கம், கிட்டே போய் எடுத்தால் எல்லாமே படத்தில் விழும். ஒன்று வாங்கித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டேன். சித்திரைப் பிறப்புக்கு மச்சான் வைக்கும் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டுச் சீரில் குறை சொல்லும் மாப்பிள்ளை நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மருதப்பன்


சிங்கப்பூர்
9.3.1960

தங்கத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

இங்கே சுகம். நீ சுகமா? இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அவர் பள்ளிக்கூடம் போனபிறகு படி.

போன மாதம் நீ நாலு பக்கம் எழுதினாய். மூன்றரைப் பக்கம் உன் புருஷன் எடுத்த படங்களைப் பற்றி. அதோடு வைத்து அனுப்பிய, மழையில் நிற்கும் மாட்டுவண்டிப் படத்தை உன் அண்ணி அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டாள். "எங்க மாப்பிள்ளைக்கு என்ன கண்ணு பாருங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். பதினோரு வருஷமாகப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். என் படம் ஒன்றையாவது அவள் சுவரில் ஒட்டியது உண்டா? கேட்டால், "நீங்க எடுக்கிறது எல்லாம் யாரோட மூஞ்சியோ தானே" என்கிறாள்.

அவருக்கு இது பொழுதுபோக்கு. கல்யாணத்தன்று நான் கொடுத்த பெட்டிக் கேமராவில் ஆரம்பித்தவர். நாலு வருஷத்தில் ஈப்போவில் பரிசு, பத்திரிகையில் பேர். எனக்கு அந்தக் கம்பெனி வேலை கிடைக்காவிட்டால் சாகிறவரைக்கும் ஜனங்களின் காதும் தோளும்தான். நீயே சொல், யாருக்கு அந்தப் பரிசு வேண்டும்?

ஜமால் கடை 135-ல் பூஞ்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஈப்போ மாப்பிள்ளைக்கு என்று சொல்லித்தான் எடுத்து வைக்கச் சொன்னேன். அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் போய் எனக்கே வாங்கிக்கொண்டேன். அதை மாட்டிக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டால் கம்பியே படத்தில் தெரியாது. காட்டுப் புலி மாதிரி வரும். 35-ல் கம்பி, குப்பைத் தொட்டி, ஐஸ்கிரீம்காரன் எல்லாம் வரும்.

பொறாமைதான். வயிறு எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அவரிடம் மூச்சு விடாதே. இதைக் கிழித்துப் போடு.

அண்ணன்


ஈப்போ
20.4.1960

அன்புள்ள மச்சானுக்கு,

புது வருஷ வணக்கம். வேப்பம்பூப் பச்சடியோடு உங்களையும் நினைத்துக்கொண்டோம். நாங்கள் சுகம். அக்கா மாமரப்பட்டைக் கஷாயம் குடித்துப் பார்க்கட்டும், வலி குறையும் என்று தங்கம் முன்பே எழுதச் சொன்னாள்.

சீர் வந்து சேர்ந்தது. பணத்தையும் திருப்பிவிட்டீர்களே, இது நியாயமா? பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் விடாமல் காட்டிவிட்டேன்.

நீங்கள் சொன்னது சத்தியம். முதலில் நெருடலாகத்தான் இருந்தது, எதை எடுத்தாலும் சின்னதாகத் தெரிந்தது. இப்போது பழகிவிட்டது. கிட்டே போனால்தான் படம் என்று ஆனபிறகு கூச்சம் விட்டுப்போயிற்று. முன்பு தூரத்தில் நின்று எடுத்த கோழிக்கடைச் சீனரைப் பக்கத்தில் போய்ப் பேசிக்கொண்டே எடுத்தேன். ஆள், கோழி, பின்னால் திட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, மூன்று பேரும் விழுந்திருக்கிறார்கள்.

ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி ரயிலில் வருகிறேன். தங்கம் எப்போதும் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதுவாள். இன்று கேட்டால் அடுப்பில் வேலை என்கிறாள். உடம்பு ஒன்றும் இல்லை.

உங்கள்,
வடிவேலு


சிங்கப்பூர்
12.5.1960

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே யாவரும் சுகம். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி.

நீங்கள் வருவது பற்றி ஒரு யோசனை. ஆகஸ்டில் இங்கே மழை பிடித்தால் விடாது. வீட்டுக்காரர் வேறு சுண்ணாம்பு அடிக்கப் போகிறாராம், சட்டிபானை எல்லாம் நடைபாதையில் கிடக்கும். புலிக்கு உடம்பு சரியில்லை, எழுந்திருப்பதே இல்லை என்று கேள்வி. ஈப்போவிலேயே எருமை, ஆடு எத்தனையோ இருக்கின்றன. காலண்டருக்கு அவையும் மிருகம்தானே.

வந்தே ஆவேன் என்றால் வாருங்கள். உங்கள் வீடு இது.

மருதப்பன்


ஈப்போ
15.6.1960

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடி அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். படித்ததை எந்த அடுப்பில் போடுவது? அவர் தினமும் அந்தச் சின்ன லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துச் சாமி அலமாரியில் வைக்கிறார். "உங்க அண்ணன் மாதிரி யாருக்கு மனசு வரும் தங்கம்" என்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதமாகப் புருஷன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நான் செய்யாத தப்புக்கு.

சுண்ணாம்பு அடிக்கும் கதையை எல்லாம் அவர் நம்பினார். நான் நம்பவில்லை. அவர் வரும்போது நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணா. "ஆசையில எடுத்துக்கிட்டேன் மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை. அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், அவர் குணம் உங்களுக்குத் தெரியாதா? வேறு யார் வாயிலாவது கேட்டால்தான் தாங்கமாட்டார்.

உங்கள் தங்கை,
தங்கம்


சிங்கப்பூர்
22.8.1960

தங்கத்துக்கு,

அவர் ஊர் வந்து சேர்ந்திருப்பார். இங்கே சுகம்.

நான் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். வந்த மறுநாள், சனிக்கிழமை, ஃபிலிம் வாங்கி வருகிறேன் என்று ஜாலான் புசார் பக்கம் தனியாகப் போய்வந்தார். திரும்பி வந்ததிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. உன் அண்ணி அவருக்கு மட்டும் தோசையில் நெய் ஊற்றி, அந்த மாட்டுவண்டியை எப்படி எடுத்தீங்க, எங்கே நின்னீங்க என்று குடைந்து கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எனக்கு எப்படிச் சொல்ல வாய் வரும்?

ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சிக்குப் போனோம். பையிலிருந்து நான் லென்ஸை எடுத்ததும் பார்த்துவிட்டார்.

"மச்சான், இது 135 தானே?"

"ஸ்டூடியோ முதலாளியோடது மாப்பிள்ளை. ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

என் கையிலிருந்த லென்ஸையே பார்த்தார். பிறகு, "கொடுங்க, பார்க்கலாம்" என்று வாங்கிக் கண்ணில் வைத்தார். "நல்லா இருக்குலா. பூஞ்சை ஒண்ணும் இல்ல" என்று சட்டை முனையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

புலி நன்றாக விழுந்தது. கம்பி துளிகூடத் தெரியாது. இதற்குமேல் யாராலும் எடுக்க முடியாது. ஆனால் ஓராங் ஊத்தான் கூண்டில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது நாலு பக்கமும் கம்பி போட்ட கூண்டு. நான் இந்தப் பக்கம், அவர் எதிர்ப்பக்கம். அந்த மிருகம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக அவரிடம் போய் உட்கார்ந்தது. காவல்காரன் சிரித்துக்கொண்டே தடுப்பைத் திறந்து அவரைக் கம்பிக்குப் பக்கத்தில் விட்டான். லென்ஸ் சின்னதாக இருந்ததால் கம்பி இடுக்கில் நுழைத்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் கேமராவை மார்பில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணிதான் அப்படி என்றால், குரங்குமா?

அண்ணன்


ஈப்போ
10.9.1960

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நலம். அங்கே அனைவரும் நலம் என நம்புகிறேன். விருந்து உபசாரத்துக்கு நன்றி. அக்காவுக்கும் சொல்லவும்.

போட்டிக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. எடுத்ததில் ஒரே ஒரு படம்தான் தேறியது, அது போட்டிக்கு ஏற்றதல்ல. உங்கள் புலிக்குப் பரிசு கிடைக்கட்டும்.

சீராகத் தந்த லென்ஸ் நன்றாக வேலை செய்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

வடிவேலு


சிங்கப்பூர்
21.11.1960

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகம் கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. தீபாவளிக்கு எழுதியதற்கும் பதில் இல்லை. தங்கமும் எழுதுவதில்லை.

முதல் பரிசு எனக்கு! காலண்டர் அச்சாகி வந்துவிட்டது. தேக்கா மார்க்கெட்டிலிருந்து ஜாலான் புசார்வரை எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் புலி தொங்குகிறது. மீசை முடியை எண்ணலாம். கம்பி எங்கே என்று கேட்கிறார்கள். ஜனவரி பிறந்ததும் கம்பெனியில் சேர்கிறேன். ஸ்டூடியோ முதலாளி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஊரெல்லாம் கைகொடுக்கிறது. சொந்த மாப்பிள்ளை ஒரு வரி எழுதக்கூடாதா? உங்களுக்குத்தான் பொறாமையோ என்றுகூட நினைத்துவிட்டேன். விளையாட்டாகச் சொல்கிறேன். காலண்டர் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

மருதப்பன்


ஈப்போ
11.12.1960

அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் நன்றாக இருங்கள்.

காலண்டர் வந்தது. அவரே ஆணி அடித்து மாட்டினார். நான் கழற்றி வைத்துவிட்டேன்.

அவருக்கு எல்லாம் தெரியும். ஆகஸ்டிலேயே தெரியும். ஃபிலிம் வாங்கப் போன இடத்தில் ஜமால் முகம்மது கேட்டிருக்கிறார்: "என்ன தம்பி, 135 எப்படி வேலை செய்யுது? உங்க பேர சொல்லித்தானே மச்சான் வாங்கிட்டுப் போனாரு!" நல்லா இருக்கு பாய் என்று சொல்லிவிட்டு வந்தாராம். மறுநாள் நீங்கள் முதலாளி லென்ஸ் என்று சொன்னபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஊர் வந்ததும் என்னிடம் கேட்டார். என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "உங்க அண்ணன் பண்ணது பெரிசில்ல தங்கம். நீ ஆறு மாசமா என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு சொல்லாம இருந்தியே" என்றார். அன்றிலிருந்து இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். நீங்கள் பரிசு வாங்கினீர்கள், நான் அதற்கு இதை விலையாகக் கொடுத்தேன். இப்போதுதான் நாலு வார்த்தை பேசுகிறார்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்தேன். உங்களிடமிருந்து கற்றுக்கொண்ட பழக்கம். போட்டிக்கு ஏற்றதல்ல என்று எழுதினாரே, அந்தப் படம்தான் இது. அவருடைய புகைப்படச் சங்கத்தில் பார்த்தவர்கள் எல்லாம் அனுப்பச் சொன்னார்கள், முதல் பரிசு நிச்சயம் என்றார்கள். பின்னால் தெரியும் முகத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று கத்தரித்துப் பார்த்தார். வெட்டினால் படத்தில் உயிரே இல்லை. "மச்சான ஊர் பூரா காட்டவேண்டாம்" என்று உள்ளே வைத்துவிட்டார்.

நீங்கள் பார்க்க வேண்டும் என்று அனுப்புகிறேன்.

தங்கம்


சிங்கப்பூர்
3.1.1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் நீங்களும் தங்கமும் நலமா?

தங்கத்திடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். படத்தை அனுப்பியதற்கும் சரி, அண்ணன் பேச்சைக் கேட்டு வாய்மூடி இருந்ததற்கும் சரி. அவள் வாயைக் கட்டியவன் நான். வேண்டுமானால் என்னோடு இரண்டு வருஷம் பேசாமல் இருங்கள்.

படத்தை நாலு நாள் வைத்துப் பார்த்தேன். முன்னால் ஓராங் ஊத்தான் வெட்டவெளியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கம்பி எல்லாம் அதற்குப் பின்னால். கம்பிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள். மார்பில் பெரிய லென்ஸ் தொங்குகிறது, ஆனால் அவன் மிருகத்தைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்கிறான். பதினோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான முகங்களை நேராக வைக்கச் சொல்லி எடுத்திருக்கிறேன். இப்படி ஒரு முகம் எனக்குக் கிடைத்ததில்லை.

சந்திரமதி எட்டிப் பார்த்தாள். "என்ன இது, குரங்கு வெளியில, மனுஷன் உள்ளயா? யாரு இந்த ஆளு, இப்படி முறைக்கிறான்?" என்றாள். பதினான்கு வருஷம் குடித்தனம் செய்தவள். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், ஜமால் கடையிலிருந்து. அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். அதை விட்டுவிடும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை மாப்பிள்ளை. ஆனால் 135-ஐ இன்று தபாலில் போட்டுவிட்டேன். அது சீர் இல்லை. பிப்ரவரியில் நீங்கள் கேட்டது, இப்போது வருகிறது.

ஒன்று கேட்கிறேன். மார்ச்சில் இங்கே புகைப்படச் சங்கம் கண்காட்சி நடத்துகிறது. நெகட்டிவை எனக்கு அனுப்புங்கள். நானே பெரிதாகப் பிரிண்ட் போட்டு, உங்கள் பெயரை எழுதி, கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஸ்டூடியோவில் மருவையும் தழும்பையும் மறைத்துக் கொடுத்த கை இது. இதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன்.

என் முகத்தை வெட்ட வேண்டாம்.

மருதப்பன்